போடாத படம்

“தீவிரவாதிகள் தாக்குவார்கள் என்று பயந்து ஒரு பத்திரிகை கார்ட்டூனைப் போடாமல் விடுவது கோழைத்தனமா, பொறுப்பா?” என்று கேட்டிருக்கிறீர்கள். 2015-இல் பயங்கரவாதிகள் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்ட பாரிஸ் கேலி இதழ் சார்லி ஹெப்டோவை மனதில் வைத்துக் கேட்டது போலத் தெரிகிறது. நான் இன்னும் பத்து வருடம் பின்னால் போய் டென்மார்க்கிலிருந்து தொடங்குகிறேன். அங்கே விவகாரம் கிளம்பியதே சுயதணிக்கை பற்றிய ஒரு சந்தேகத்தில்தான். கார்ட்டூன் அப்புறம்தான் வந்தது.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பயப்படுவதில் தப்பே கிடையாது. பயந்துவிட்டு அதற்கு ‘நாகரிகம்’, ‘மரியாதை’, ‘செய்தி மதிப்பு இல்லை’ என்று வேறு பெயர் வைக்கிறோம் பாருங்கள், என் சண்டை அதோடுதான். செய்தி மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் அந்தப் பெயர்களையெல்லாம் நானும் வைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2005-இல் கோரே ப்ளூட்கன் என்ற டேனிஷ் எழுத்தாளர் குழந்தைகளுக்காக நபிகள் நாயகத்தின் வாழ்க்கையை எழுதியிருந்தார். நபியின் உருவத்தை வரைவது முஸ்லிம்கள் பலருக்கு ஏற்பில்லாதது என்பதால் படம் வரைய ஆள் கிடைக்கவில்லை. கேட்டவர்கள் ஒவ்வொருவராக மறுத்தார்கள். கடைசியில் ஒருவர், தன் பெயர் வெளியே வரக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய வருடம் நவம்பரில்தான் ஆம்ஸ்டர்டாமில், இஸ்லாத்தை விமர்சித்துப் படம் எடுத்த தியோ வான் கோ என்ற திரைப்பட இயக்குநர் பட்டப்பகலில் தெருவில் சுட்டும் குத்தியும் கொல்லப்பட்டிருந்தார். ஆகவே ஓவியர்களின் பயம் ஆகாயத்திலிருந்து குதித்ததில்லை.

இந்தச் செய்தி யூலண்ட்ஸ் போஸ்டன் நாளிதழில் ஒரு விவாதத்தைக் கிளப்பியது. பண்பாட்டுப் பக்கங்களின் ஆசிரியர் ஃப்ளெமிங் ரோஸ், பயம் நிஜமா என்று சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கார்ட்டூனிஸ்டுகள் சுமார் 40 பேருக்குக் கடிதம் அனுப்பினார்: நபியை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்களோ அப்படி வரைந்து அனுப்புங்கள். 12 பேர் அனுப்பினார்கள். 2005 செப்டம்பர் 30 அன்று அவை அச்சாயின.

அந்தப் பன்னிரண்டில் உலகத்துக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான், தலைப்பாகைக்குள் வெடிகுண்டு. கர்ட் வெஸ்டர்கார்ட் வரைந்தது. எனக்கு மறக்காதது வேறொன்று. அதில் ஒரு கார்ட்டூனிஸ்ட் மேசை விளக்கடியில் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். முகமெல்லாம் வியர்வை. நபியின் உருவத்தை வரைந்துகொண்டே, யாராவது வருகிறார்களா என்று தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறான். பத்திரிகை கேட்ட கேள்விக்கு நேரடியான பதில் அந்த ஒரு படத்தில்தான் இருக்கிறது. இன்னொருவர் பத்திரிகையையே வாரியிருந்தார். முகம்மது என்ற பெயருள்ள ஒரு பள்ளிச் சிறுவன் கரும்பலகையைச் சுட்டிக்காட்டி நிற்பான். இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் குழு பிற்போக்கான வம்புக்காரர்கள் என்று அதில் பாரசீக மொழியில் எழுதியிருக்கும். அதையும் சேர்த்தேதான் அச்சிட்டார்கள்.

யூலண்ட்ஸ் போஸ்டனை நான் புனிதராக்க வரவில்லை. 2003-இல் ஒரு கார்ட்டூனிஸ்ட் ஏசுவின் உயிர்த்தெழுதலைக் கேலிசெய்யும் படங்களை இதே பத்திரிகைக்கு அனுப்பினார். வாசகர்கள் ரசிக்க மாட்டார்கள், கூச்சல் கிளம்பும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆக, தணிக்கை அந்த அலுவலகத்திலும் இருந்தது. கூச்சலுக்குப் பயந்து விடுவதும் கத்திக்குப் பயந்து விடுவதும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றில்லை. ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரு அளவுகோல் வைத்தால், மறுபக்கத்துக்காரன் அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டான்.

படம் வந்த மறுநாளே உலகம் பற்றி எரியவில்லை. இது பலருக்கும் தெரியாத சங்கதி. அக்டோபர் 17 அன்று எகிப்தில் அல் ஃபகர் என்ற பத்திரிகை, கண்டித்து எழுதிய கட்டுரையோடு சில படங்களை அப்படியே அச்சிட்டது. ரமலான் மாதம், கெய்ரோ நகரம். ஒரு கல்கூட விழவில்லை. டென்மார்க்கிலிருந்த 11 நாடுகளின் தூதர்கள் பிரதமர் ஆண்டர்ஸ் ஃபோக் ராஸ்முஸனைச் சந்திக்க நேரம் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். சந்தித்துக் காப்பி கொடுத்து, ‘எங்கள் நாட்டில் பத்திரிகையை அரசு அடக்க முடியாது’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பியிருக்கலாம். என்னைக் கேட்டால் அது ராஜதந்திரத்தில் பெரிய பிசகு. முஸ்லிம் அமைப்புகள் புகார் கொடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள். இதெல்லாம் மனம் புண்பட்ட ஒரு குடிமகன் செய்யக்கூடியதுதான், செய்ய வேண்டியதும்கூட.

அப்புறம் டேனிஷ் இமாம்கள் சிலர் ஒரு கோப்பைத் தயாரித்துக்கொண்டு எகிப்துக்கும் லெபனானுக்கும் போனார்கள். அந்தக் கோப்பில் பத்திரிகையில் வராத மூன்று படங்களும் இருந்தன, அச்சான பன்னிரண்டையும்விட ஆபாசமானவை. அதில் ஒன்று, பிரான்ஸில் ஒரு ஊரில் பன்றி மாதிரிக் கத்தும் போட்டியில் முகமூடி மாட்டிக்கொண்டு நின்ற ஒருவரின் புகைப்படம். நபிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் மூலப் படங்களைப் பெரும்பாலோர் பார்த்ததில்லையே. எது டென்மார்க்கில் வந்தது, எது வராதது என்று கெய்ரோவிலோ பெய்ரூட்டிலோ ஒருவர் எப்படிச் சரிபார்ப்பார்? உலகின் பெரும்பாலான பத்திரிகைகள் ‘சர்ச்சைக்குரிய கார்ட்டூன்கள்’ என்று எழுதி, படத்தை மட்டும் காட்டாமல் விட்டன. காட்டாத இடத்தில் வதந்தி வந்து குடியேறியது. சுயதணிக்கை அமைதியைக் காப்பாற்றும் என்று சொல்கிறவர்களிடம் நான் எப்போதும் இந்தக் கோப்பைத்தான் எடுத்து வைப்பேன்.

2006 பிப்ரவரி 4 அன்று டமாஸ்கஸிலும் மறுநாள் பெய்ரூட்டிலும் டேனிஷ் தூதரகங்களுக்குத் தீ வைத்தார்கள். நைஜீரியா முதல் ஆப்கானிஸ்தான் வரை நடந்த கலவரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு டென்மார்க் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது.

அதே பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு தலையங்கம் எழுதியது. மதச் சின்னங்களை வீணாகப் புண்படுத்தாமல் இருப்பதே நல்ல பத்திரிகைக்கு அழகு, ஆகவே கார்ட்டூன்களைப் போடவில்லை என்று. படிக்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாளே அதே பத்திரிகையில், இதே விவகாரம் பற்றிய கலை விமர்சனக் கட்டுரைக்கு ஒரு படம் போட்டார்கள். யானைச் சாணம் ஒட்டி கிறிஸ் ஓஃபிலி செய்த கன்னி மேரி ஓவியம். கத்தோலிக்கர்கள் அதன்மேல் 1999-இல் கொதித்தவர்கள். ஆனால் பத்திரிகை அலுவலகத்தை யாரும் கொளுத்த மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கொள்கை ஒன்றுதான் என்றால் இரண்டையும் விட்டிருக்க வேண்டும், இல்லை இரண்டையும் போட்டிருக்க வேண்டும். போட்டதற்கும் விட்டதற்கும் நடுவே இருந்த வித்தியாசம் தலையங்கத்தில் எழுதப்படவில்லை.

நான் யாரிடமும் கேட்கும் சோதனைக் கேள்வி ஒன்றே ஒன்றுதான். யாரும் யாரையும் கொல்ல மாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்திருந்தால், இதைப் போட்டிருப்பீர்களா? ‘அப்போதும் போட்டிருக்க மாட்டேன், படம் மட்டமாக இருக்கிறது, சிறுபான்மையினரைச் சீண்டுகிறது’ என்றால் அது பத்திராதிபரின் தீர்ப்பு. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வெடிகுண்டுத் தலைப்பாகைப் படம் எனக்கே பிடிக்காது. ‘போட்டிருப்பேன்’ என்றால், இப்போது போடாதது பயம். அவ்வளவுதான்.

பயம் சும்மா வந்ததா என்றால், இல்லை. மும்பையில் 2008 நவம்பர் தாக்குதலுக்கு வேவு பார்த்துக் கொடுத்த டேவிட் ஹெட்லியை நமக்குத் தெரியும். அவன் 2009 ஜனவரியில் விளம்பரம் கொடுக்க வந்தவன் மாதிரி யூலண்ட்ஸ் போஸ்டனின் அலுவலகங்களுக்குள் நுழைந்து நோட்டம் விட்டுப் போனான். 2010 புத்தாண்டு அன்று இரவு, ஆர்ஹுஸ் பக்கம் இருந்த வெஸ்டர்கார்டின் வீட்டுக் கண்ணாடிக் கதவைக் கோடாலியால் உடைத்துக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். வெஸ்டர்கார்டுக்கு அப்போது 74 வயது, கைத்தடி வைத்து நடப்பவர். வீட்டின் குளியலறையைக் காவல்துறை ஏற்கெனவே இரும்புக் கதவு போட்டுப் பாதுகாப்பு அறையாக மாற்றிக் கொடுத்திருந்தது. அவர் அதற்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டார். ஐந்து வயதுப் பேத்தி வரவேற்பறையில் இருந்தாள். அவனுக்கு வேண்டியது தான்தான், குழந்தையைத் தொட மாட்டான் என்று கணக்குப் போட்டுத்தான் அவர் ஓடினார். கணக்கு சரியாக இருந்தது. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால், போலீஸ் வரும்வரை அவர் உட்கார்ந்திருந்த சில நிமிடங்களை யோசித்துப் பாருங்கள். ‘பயப்படாதே, எழுது’ என்று தூரத்திலிருந்து சொல்வது எவ்வளவு எளிது!

அடி எப்போதும் வரைந்தவன் மேலேயே விழுவதும் இல்லை. சல்மான் ருஷ்டியின் ‘சாத்தானிக் வெர்சஸ்’ நாவல் விவகாரத்தில் அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் ஹிதோஷி இகராஷியை 1991-இல் அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகத்திலேயே குத்திக் கொன்றார்கள். நார்வே பதிப்பாளர் வில்லியம் நைகார்டை 1993-இல் சுட்டார்கள், பிழைத்தார். சார்லி ஹெப்டோவில் 2015 ஜனவரி 7 அன்று முதலில் செத்தவர் கட்டடப் பராமரிப்புக்கு வந்த ஒரு தொழிலாளி. தாக்கியவர்கள் தப்பிப் போகும்போது பக்கத்துத் தெருவின் நடைபாதையில் சுடப்பட்ட போலீஸ்காரர் அஹ்மத் மெராபெத் ஒரு முஸ்லிம். எனவே ஒரு ஆசிரியர் ‘என் உயிர் போனால் போகட்டும்’ என்று சொல்வது வீரம்தான். ஆனால் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணின் உயிரையும் சேர்த்து அவர் சொல்ல முடியாது. இதனால்தான் ‘கோழை’ என்ற சொல்லை நான் கையில் எடுப்பதில்லை.

சரி, பயந்தால் எப்படிப் பயப்பட வேண்டும்? இங்கே இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் யூட்டெ கிளாவ்சன் டேனிஷ் கார்ட்டூன் விவகாரத்தைப் பற்றி ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். 2009-இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. கார்ட்டூன்களைப் பற்றிய நூல், கார்ட்டூன்கள் இல்லாமல் வந்தது. நிபுணர்கள் சுமார் இரண்டு டஜன் பேரிடம் கருத்துக் கேட்டோம், வன்முறை வரும் என்றார்கள் என்று பதிப்பகம் சொன்னது. கார்ட்டூன்களோடு நின்றார்களா? நபியின் மற்ற சித்திரங்களும் போயின, இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘நரகம்’ காவியத்துக்கு 19-ஆம் நூற்றாண்டில் குஸ்தாவ் டோரே வரைந்த படம் உட்பட. எனக்கு உறுத்துவது இன்னொரு விஷயம். அந்த நிபுணர்கள் சொன்னதன் சுருக்கத்தை நூலாசிரியர் படிக்க வேண்டுமென்றால், வெளியே பேச மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கிளாவ்சன் மறுத்துவிட்டார். இத்தனைக்கும் யாரும் யேலை மிரட்டவே இல்லை. ஒரு கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு கிடையாது. மிரட்டல் வந்தால் என்ன ஆகும் என்ற கற்பனையே போதுமானதாக இருந்தது.

இன்னொன்று யூலண்ட்ஸ் போஸ்டனே. சார்லி ஹெப்டோ படுகொலைக்குப் பிறகு, வேறு சில டேனிஷ் நாளிதழ்கள் அந்தப் பத்திரிகையின் படங்களை எடுத்துப் போட்டன. இவர்கள் போடவில்லை. ஏன் போடவில்லை என்று தலையங்கத்தில் வெளிப்படையாக எழுதினார்கள்: ஒன்பது வருடமாகத் தாக்குதல் பயத்தோடு வாழ்கிறோம், அதனால்தான் எங்கள் படத்தையோ அவர்கள் படத்தையோ போடவில்லை, வன்முறைக்கும் மிரட்டலுக்கும் நாங்கள் பணிகிறோம் என்பது எங்களுக்கே தெரியும். எனக்கு இது 2005-இல் படம் போட்டதைவிடக் கனமான செயலாகப் படுகிறது. அந்த வாரமே லண்டனில் இண்டிபெண்டண்ட் ஆசிரியர் அமோல் ராஜனும் ஏறக்குறைய இதையே சொன்னார்: போடு என்று மனது சொல்கிறது, ஆனால் ஆபத்து அதிகம், கொள்கையையும் நடைமுறையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்படிச் சொன்னால் வாசகருக்குக் கணக்குத் தெரிகிறது. என்ன இழந்தோம், யாரால் இழந்தோம் என்று புரிகிறது. ‘நாகரிகம் கருதி’ என்று எழுதினால் மிரட்டியவன் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுகிறான்.

எல்லோரும் சேர்ந்து போட்டால் ஆபத்து பரவி மெலிந்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு. டென்மார்க்கில் செய்தும் பார்த்தார்கள். 2008 பிப்ரவரியில் வெஸ்டர்கார்டைக் கொல்லத் திட்டமிட்டதாகச் சிலர் கைதான மறுநாள், குறைந்தது 17 டேனிஷ் நாளிதழ்கள் அவர் படத்தை ஒரே நாளில் அச்சிட்டன. பத்திரிகைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஜூன் மாதம் இஸ்லாமாபாதில் டேனிஷ் தூதரகத்துக்கு வெளியே கார் குண்டு வெடித்தது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பாகிஸ்தானியர். ஆபத்து மெலியவில்லை, இடம் மாறியது. இருந்தாலும் தனியாக ஒருவனை நிறுத்திவைத்து வேடிக்கை பார்ப்பதைவிட அது மேல் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இதில் எனக்கு முழு நிச்சயம் கிடையாது.

இந்த வாதங்களிலெல்லாம் விடுபட்டுப்போகிற ஆட்கள் உண்டு. ஜோர்டானில் ஷிஹான் என்ற வார இதழின் ஆசிரியர் ஜிஹாத் மொமானி, 2006-இல் மூன்று கார்ட்டூன்களை அச்சிட்டுத் தன் மக்களைப் பார்த்துக் கேட்டார்: இஸ்லாத்துக்கு எது அதிகக் கெடுதல், இந்தப் படங்களா, கேமரா முன்னால் பிணைக்கைதியின் கழுத்தை அறுப்பதா, அம்மானில் கல்யாண வீட்டில் குண்டு வெடித்தானே, அவனா? வேலை போனது, கைதானார். மும்பையில் அவத்நாமா என்ற உருது நாளிதழின் ஆசிரியர் ஷிரின் தல்வி, 2015 ஜனவரியில் ஒரு செய்திக்காக சார்லி ஹெப்டோவின் அட்டையை எடுத்துப் போட்டார். முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டும் தீரவில்லை. வழக்குகள், கைது, ஜாமீன். பத்திரிகையின் மும்பைப் பதிப்பு மூடப்பட்டது. அவர் வீட்டை விட்டு மறைந்து திரிய வேண்டியதாயிற்று. பாரிஸில் ‘நானும் சார்லி’ என்று அட்டை பிடித்த லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? மதத்துக்கு உள்ளேயிருந்து பேசுகிறவருக்கு இரும்புக் கதவு போட்டுத்தர எந்தக் காவல்துறையும் வருவதில்லை. பெரிய பத்திரிகைகள் ‘முஸ்லிம்களின் மனம் புண்படும்’ என்று ஒதுங்கும்போது, மொமானியும் தல்வியும் முஸ்லிம்கள் இல்லையா என்ற கேள்வியை அவை கேட்டுக்கொள்வதே இல்லை.

தமிழுக்கு இதெல்லாம் தூரத்துக் கதை என்று நினைத்தால், ஈழத்துப் பத்திரிகைகளின் பழைய கட்டுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ‘இனந்தெரியாத ஆயுததாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்.’ எண்பதுகளிலிருந்து இந்த ஒரு வாக்கியம் எத்தனை முறை அச்சாகியிருக்கும்! சுட்டது யார் என்று ஊருக்குத் தெரியும், செய்தி எழுதியவருக்குத் தெரியும், அச்சுக் கோத்தவருக்கும் தெரியும். பத்திரிகைக்கு மட்டும் இனம் தெரியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திராணகம, இந்திய ராணுவம், புலிகள், மற்ற இயக்கங்கள் என்று யாரையும் விடாமல் நடந்ததைப் பதிவு செய்தவர். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு 35 வயது. அவர் செய்தது அந்த வாக்கியத்தை எழுத மறுத்ததுதான். அதை எழுதிப் பிழைத்த பத்திரிகையாளர்களை நான் பழிக்க மாட்டேன். அப்படி எழுதியும் பிழைக்காதவர்கள் பலர் உண்டு. ஆனால் வாசகருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரிந்திருந்தது. ‘இனந்தெரியாத’ என்று படித்ததுமே புரிந்துகொள்வார்கள். ஒரு விதத்தில் அது பயத்தை ஒளிக்காத சொல்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். 2015 ஜனவரி மூன்றாவது வாரம் நான் வேலை பார்த்த இதழில் பாரிஸ் படுகொலை பற்றி மூன்று பக்கக் கட்டுரை. எழுதியவர் மூத்தவர், அளந்து எழுதுகிறவர். ஒரு அட்டைப்படத்தை விரலளவில் போட்டு, அதில் என்ன இருக்கிறது, ஏன் கோபம் வருகிறது என்று ஒரு பத்தியில் விளக்கியிருந்தார். வியாழன் இரவு பக்கம் முடிகிற நேரம். யாரும் என்னைக் கூப்பிட்டு எதுவும் சொல்லவில்லை. மிரட்டலும் வரவில்லை. வாசலில் இரவுக் காவலுக்கு இருந்த தாத்தா பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான் அந்தப் படத்தை எடுத்துவிட்டு, அந்த வாரம் உலகமே போட்டுக்கொண்டிருந்த முறிந்த பென்சில் படம் ஒன்றைப் போட்டேன். படம் இல்லாமல் அந்தப் பத்தி நிற்காது என்பதால் அதையும் எடுத்தேன்.

இதழ் வந்த அன்று காலை அவர் போன் செய்தார். “என்ன தம்பி, அந்தப் பத்தி?” என்றார்.

“இடம் பத்தலை சார்” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “பென்சில் படம் பெருசாத்தான் வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.